வரிசையின் கடைசியில் அப்பா

முருங்கைப் பட்டையும் உள்ளி என்று நாங்கள் சொல்கிற உரித்த சின்ன வெங்காயமும் வெற்றிலையும் தேங்காய் எண்ணெயில் கிடந்து வேகும்போது முதலில் ஒரு பச்சை வாடை எழும்பும். பிறகு உள்ளி சிவந்து இனிப்பாக ஒரு வாடை வரும். கடைசியில் நுரை அடங்குகிற நேரத்தில் இரண்டும் கலந்து, மூக்கிலேயே ஒட்டிக்கொள்கிற கனத்த மணம் ஒன்று வீடு முழுக்க நிற்கும். நான் பிறந்த வீட்டில் அடிபட்ட இடத்தில் தடவ மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்த எண்ணெய் காய்ந்தது. இன்றைக்கும் யாராவது உள்ளியை எண்ணெயில் போட்டால் எனக்கு வயிறு ஒருமுறை இறுகிவிடுகிறது. கிழவிக்குப் பசி என்று என் மருமகள் நினைத்துக்கொள்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிடுவேன். அது பசி அல்ல. பதினொரு வயதில் ஆறு நாள் நான் சுமந்து திரிந்த பயம்.

மகாராஜா ஆட்சிக் காலம். முப்பதுகள் தொடங்கிய சமயம். தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டிப் போகும் பாதையில், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு இருந்தது. அப்பா களரி ஆசான். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, தரையைத் தட்டிக் கெட்டியாக்கி, சுற்றிலும் ஓலை கட்டி மறைத்த நீளமான குழிதான் களரி. அதில் காலையில் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்று, காலை எப்படி வைப்பது என்கிற சுவடு பழகுவார்கள், கம்பு வீசுவார்கள். பத்தொன்பதாவது ஆளாக வரிசையின் கடைசியில் நான் நிற்பேன். “பொம்பளப் பிள்ளைக்குக் கம்பு எதுக்காக்கும்?” என்று கேட்டவர்களிடம் அப்பா, “வழியில நாய் உண்டுல்லா, அதுக்காக்கும்” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அடிக்கக் கற்றுத் தருகிறவரே அடிபட்டவனுக்கு எலும்பும் கட்டவேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் களரிகளில் எல்லாம் உள்ள வழக்கம்தான். ஆனால் அப்பாவின் களரியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. களரிக்குள்ளோ வெளியிலோ, யாருக்காவது அடி பட்டுவிட்டால் அப்பா முதலில் அடிபட்டவனைப் பார்க்கமாட்டார். அடித்தவன் முன்னால் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கை பிசகா, கோவமா?”

அடித்தவன்தான் பதில் சொல்லவேண்டும். பார்த்தவன் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கை பிசகு என்றால், “செரி, போய் எண்ணெய எடு” என்பதோடு முடிந்தது. கோவம் என்றால் அவன் அன்றைக்கே கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தோரு நாள், விடிந்ததும் வந்து விளக்குமாறான வாரியலால் களரியைத் தூத்துப் பெருக்கி, வரிசையில் கடைசி ஆளாக வெறுங்கையோடு நிற்க வேண்டும். அந்த நாற்பத்தோரு நாளும் தான் அடித்தவனுக்குத் தன் கையாலேயே எண்ணெய் தடவ வேண்டும், அவன் யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும். அவன் பொய் சொன்னால் என்ன செய்வீர் என்று ஒருத்தர் கேட்டதற்கு, “பொய் சொல்லுகவனுக்கு அடி சொல்லிக் குடுத்தேனே, அப்ப அது எனக்க குத்தம்லா” என்றார் அப்பா. அவர் கேட்டதற்கு யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வது கஷ்டம்.

கோலப்பன் அத்தானும் பொய் சொல்லவில்லை. அவன் என் அத்தை மகன். அத்தை இறந்த பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். வரிசையில் முதல் ஆள். அப்பாவுக்குப் பிறகு களரி அவனுக்குத்தான் என்பது ஊருக்கே தெரியும். அப்பா அவனைப் பார்க்கிற பார்வையில் ஒரு மினுக்கம் இருக்கும். என்னைப் பார்க்கும்போது அது இருக்காது. எனக்கு அதில் பொறாமை இல்லை, ஏனென்றால் நானும் அத்தானை அப்படித்தான் பார்த்தேன். அவன் தானாகக் கண்டுபிடித்த சுவடு ஒன்று உண்டு. பின்வாங்குகிற மாதிரி பாதி உட்கார்ந்து, சட்டென்று குதிகாலில் சுழன்று எதிராளியின் இடப்பக்கம் வந்து எழும்புவான். பிள்ளைகள் அதற்கு “கோலப்பன் சாட்டம்” என்று பேர் வைத்திருந்தார்கள்.

முந்தின வருடம் தக்கலைச் சந்தையில் அவன் மாசிலாமணி என்ற கருப்பட்டிக்காரரை அடித்துவிட்டான். கூட்டத்தில் அவர் இடித்ததற்கு இவன் ஏதோ சொல்லப்போக, அவர் சிரித்திருக்கிறார். இவன் கையிலிருந்த கம்பு அவர் தோள் எலும்பில் இறங்கிவிட்டது. அப்பா கேட்டார். “கோவந்தான் மாமா” என்றான் அத்தான், தலையைக் குனியாமல். அதுவரைக்கும் சரி. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவ அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “சந்தையில நாலுபேரு முன்னால என்னப் பாத்துச் சிரிச்சவனுக்கு நான் தோளு தடவணுமா? வேற என்ன வேணும்னாலும் சொல்லும், செய்யேன்” என்றான். வேற ஒன்றும் இல்லை என்றார் அப்பா. இரண்டு நாள் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் அத்தான் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, தக்கலையில் இருந்த தகப்பன் வழிச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான்.

அவனுக்குப் பதிலாக வேளிமலை அடிவாரத்தில் இருந்த மாசிலாமணி வீட்டுக்கு நாற்பத்தோரு நாள் எண்ணெய்க் குப்பியோடு நடந்தது அப்பா. “அடிச்சவன் சும்மா கெடக்கான், நீங்க எதுக்கு நடக்கணும்?” என்று அம்மா தினமும் சண்டை போட்டாள். “நான் சொல்லிக் குடுத்த அடிதானே அது” என்பதற்கு மேல் அவர் பேசமாட்டார். எனக்கு அப்பா மேல் அப்போது வந்த கோவம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கருப்பட்டிக்காரர் தோளுக்காக என் அத்தானை வீட்டை விட்டுத் துரத்தினார் என்றுதான் நான் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத கோவம் உள்ளேயே கிடந்தது.

இனி அந்த நாள். நவராத்திரி தொடங்கி நாலாம் நாள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளிப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். வழி முழுக்க வாடிய பூ கிடந்தது. அன்று காலை அப்பா ஒவ்வொருவராகத் தன் எதிரில் வரச்சொல்லிக் கம்பு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சூசை முறை வந்தது. கடற்கரையில் மீன் வியாபாரம் செய்கிற அந்தோணியின் மகன் அவன், பதினாறு வயது, எப்போதும் பல் தெரியச் சிரிக்கிற முகம். அவ்வளவு தூரம் தினமும் நடக்க முடியாது என்று எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஓலை இறக்கிய சாய்ப்பில்தான் தங்கியிருந்தான். ஐந்தாறு வீச்சு ஒழுங்காகப் போயிற்று. பிறகு சூசை திடீரென்று பாதி உட்கார்ந்து, குதிகாலில் சுழன்று, அப்பாவின் இடப்பக்கம் எழும்பினான்.

கோலப்பன் சாட்டம். அத்தான் போன பிறகு சேர்ந்தவன் சூசை. அவனுக்கு அது தெரிய வழியே இல்லை, அத்தானே வெளியில் எங்கேயோ வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒழிய. இதை நான் இப்போது எழுதுகிற நேரத்தில் பாதி நேரம்கூட அதைப் புரிந்துகொள்ள அப்பாவுக்கு ஆகியிருக்காது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, மற்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. கீழுதட்டை அப்பா பல்லால் கடித்தார். உழவுமாடு முரண்டு பிடிக்கும்போதும், அம்மா அத்தான் பேச்சை எடுக்கும்போதும் அவர் அப்படிக் கடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். களரிக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. அடுத்த நொடி கம்பு இறங்கியது. அது வழக்கமாகக் கடைசி அங்குலத்தில் நிற்கிற கம்பு, அன்று நிற்கவில்லை. சூசையின் முன்கை எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்டது.

“நான் காலு தப்பி வச்சுட்டேன் ஆசானே” என்று சூசைதான் முதலில் சொன்னான். வலியில் உதடு வெளுத்திருந்தது. அப்போதும் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டான். யாரும் சந்தேகப்படவில்லை. ஆசான் கை பிசகாது, அப்படியானால் பையன்தான் பிசகியிருக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. அப்பா மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்தார், எலும்பைச் சேர்த்தார், மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசிக் கட்டினார். கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கிறவரே அவர்தானே, அவரை யார் கேட்பது? அந்த வழக்கத்தை உண்டாக்கியபோது அப்பாவுக்கே இது தோன்றியிருக்காது.

எப்படியும் நாளைக் காலை சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். மறுநாள் காலை அவர் கம்போடுதான் வந்தார். அதற்கு மறுநாளும். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்று சுவட்டைத் தப்பும் தவறுமாக வைத்தேன், “ஏட்டி, எங்க பாக்க?” என்று அதட்டினார். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. சூசைக்கு எண்ணெய் தடவ மட்டும் ஒரு நாளைக்கு மூன்று தடவை சாய்ப்புக்குப் போனார். அவன் நன்றியாகச் சிரிக்கும்போதெல்லாம் சீக்கிரமாக எழுந்து வெளியே வந்துவிடுவார். அம்மாவுக்கு ஒன்றும் புரியாமல், நவராத்திரி விரதம் உடம்பை வாட்டுகிறது என்று கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சூசையின் தகப்பன் வந்தார். கை ஒடிந்த செய்தி அப்போதுதான் கடற்கரைக்குப் போயிருந்தது. திட்டுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அவரோ, விரத நாளில் ஆசான் வீட்டுக்கு மீன் ஆகாது என்று, செந்துளுவன் வாழைக்குலை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். “எனக்க பயலுக்கக் கைய நீருதான் ஒட்டி வச்சீரு. வேற எவனும்னா அவன் வலை இழுக்க உதவமாட்டான். இது வீட்டுக்காக்கும்” என்று சொல்லிக் குலையை உத்திரத்தில் அவரே கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார். அந்தக் குலை அங்கேயே தொங்கிப் பழுத்தது. வீடு முழுக்க வாசனை. அப்பா அதன் கீழே நடப்பதைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். அம்மா ஒரு பழம் உரித்துக் கொடுத்தாள்; நான் அதைத் தின்னாமல் மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் பூஜை வைப்பு. கம்புகளையெல்லாம் சந்தனம் தொட்டுச் சாமி மூலையில் வைத்துவிட்டார்கள், களரிக்கு விடுமுறை. அடி விழுந்த நாளையும் சேர்த்து ஆறாம் நாள் சாயங்காலம் பூஜைப் பாத்திரம் துலக்க நான் வாய்க்காலுக்குப் போனேன். அங்கே சித்தப்பாவின் காளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றான் கோலப்பன் அத்தான். ஒரு வருடத்தில் ஆளே கறுத்துப் போயிருந்தான்.

“சூசைக்குக் கை ஒடிஞ்சுதாமே? கேட்டியா, எனக்க சாட்டத்த வச்சுக் காட்டினானாம் பொட்டன். மாமாவுக்கு முன்னால வைக்காதல எண்ணு நூறு தடவ சொன்னேன்” என்றான்.

நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உள்ளே கிடந்தது எல்லாம் அப்போது வாய் வழியாக வந்துவிட்டது. “கை பிசகல்ல அத்தான். அப்பா கோவத்துலதான் அடிச்சாவ. உதட்டக் கடிச்சத நான் பாத்தேன். உன்ன மட்டும் வெரட்டினாவ, இப்ப அவியளுக்கு ஒண்ணும் இல்ல, கம்ப எடுத்துட்டுத்தான் நிக்காவ!” என்று அழுதுகொண்டே சொன்னேன். அத்தான் காளையின் கழுத்தில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றான். பிறகு, “செரி, நீ போ” என்று மட்டும் சொன்னான். பாத்திரத்தைத் துலக்காமலேயே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் விஜயதசமி. புதுப் பிள்ளைகள் சேருகிற நாள். சூசை மாதிரிக் கிறிஸ்தவ வீட்டு வேதக்காரப் பிள்ளைகளும் எங்கள் களரியில் அன்றைக்குத்தான் சேருவார்கள். மூன்று பையன்கள், தலையில் எண்ணெய் வழிய, தகப்பன்மாரோடு வந்து நின்றார்கள். மகனைப் பார்க்க வந்த அந்தோணியும் குழியின் கரையில் நின்றார். அப்பா பூஜையிலிருந்து தன் கம்பை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். வழக்கப்படி அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பையன்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். விழுந்தவனை அடிக்கமாட்டேன். பயந்தவனை அடிக்கமாட்டேன். களவுக்கும் கூலிக்கும் கம்பு எடுக்கமாட்டேன். மூன்று சின்னக் குரல்கள் அதையெல்லாம் கத்திச் சொல்லின. அடுத்த வரி எனக்குத் தெரியும்.

“கோவத்தில அடிச்சா…” என்று தொடங்கிய அப்பா நிறுத்திவிட்டார்.

பையன்கள் “கோவத்தில அடிச்சா” என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். அப்பா மேலே சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார், கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் அந்த வரியை முடித்திருப்பாரா, முடிக்காமல் உண்மையைச் சொல்லியிருப்பாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. ஓலை மறைப்பை விலக்கிக்கொண்டு கோலப்பன் அத்தான் கரையில் வந்து நின்றான். குழிக்குள் இறங்கவில்லை, அதற்கு உரிமை இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

“மாமா, ஒண்ணு கேக்கணும்” என்றான். “சூசைக்கு விழுந்த அடி. கை பிசகா, கோவமா?”

வரிசையில் மூத்தவன் ஒருத்தன், “ஏலே, ஆசான்கிட்டயா கேக்க?” என்று கம்பைத் தூக்கினான். அப்பா அவனைக் கையமர்த்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பொய் போதும், ஒரு சின்னத் தலையாட்டல்கூடப் போதும். எல்லோரும் அவரைத்தான் நம்புவார்கள். வெளியே துரத்தப்பட்டவன் பேச்சை யார் எடுப்பார்கள்? கரையில் அந்தோணி நின்றார். மூன்று தகப்பன்மார் நின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு சூசை நின்றான். அப்பா, “கை பிசகு” என்று சொல்லிவிட வேண்டுமே என்று அந்த நேரத்தில் நான் சாமியைக் கும்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

“கோவம்” என்றார் அப்பா.

பிறகு கம்பைக் கொண்டுபோய்ச் சாமி மூலையில் வைத்தார். சுவரோரம் கிடந்த வாரியலை எடுத்தார். வரிசையை ஒட்டி நடந்து வந்து, எனக்கும் பின்னால், கடைசி ஆளாக நின்றார்.

புதுப் பையன்களில் இரண்டு பேரை அவர்கள் தகப்பன்மார் கையைப் பிடித்து அப்போதே கூட்டிக்கொண்டு போனார்கள். “ஆசானுக்கே அடக்கம் இல்லன்னா பிள்ளையள எங்க விட?” என்று ஒருவர் உரக்கவே சொன்னார். அந்தோணி மகனுடைய கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “ஆசானே, அடிச்சதுக்குக் கோவப்படவா, சொன்னதுக்குச் சந்தோசப்படவா எண்ணு எனக்குத் தெரியல்ல. பயல் இங்கேயே கெடக்கட்டு. குலைய நான் கொண்டு போறேன்” என்று வீட்டுக்குள் போய், பழுத்துப் பாதி உதிர்ந்திருந்த செந்துளுவன் குலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அத்தானைத் தேடினேன், அவன் எப்போதோ போய்விட்டிருந்தான். ஜெயித்தவன் முகம் அவனுக்கு அன்று இல்லை என்று பிற்பாடு சூசை சொன்னான்.

அதன் பிறகு வந்த காலைகளை நான் மறக்க முடியாது. பதினெட்டில் ஏழு பேர் வரவில்லை. வந்தவர்களில் மூத்தவன் கணக்குச் சொல்ல, நாங்கள் சுவடு வைத்தோம். விடிவதற்குள் அப்பா தூத்து முடித்திருப்பார். மண்ணில் வாரியல் கோடுகள் ஒழுங்காகக் கிடக்கும். என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். நான் சொல்லித்தான் இவ்வளவும் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்ற கேள்வியோடு ஒவ்வொரு அடியும் வைத்தேன். ஒருநாள் அந்த மூத்தவன் தடுமாறிப்போய், “ஆசானே, இடது காலு கொஞ்சம் பின்னால…” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் சொன்னதுதான் தப்பு. அப்பா வைத்திருந்தது சரி. அப்பா இடது காலைப் பின்னால் வைத்தார்.

சந்தைக்கு ஆசான் போனால், “களரி தூத்தாச்சா?” என்று கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. “ஆச்சு” என்பார். கம்பு கையில் இருந்த காலத்தில் அவரை அப்படிக் கேட்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது. அம்மா அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டாமல் சந்தைக்குப் போவதையே விட்டாள்.

பாதி மண்டலம் கழிந்திருக்கும், கருப்பட்டிக்காரர் மாசிலாமணி எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஆசானே, ஒரு தொந்தரவாக்கும். உமக்க மருமவன் ஒரு வாரமா எண்ணெய்க் குப்பியும் கொண்டு வாறான். தோளு எப்பவோ செரியாப் போச்சு, வலி ஒண்ணும் இல்ல எண்ணு சொன்னாக் கேக்கமாட்டேங்கான். தடவிட்டுத்தான் போவேன் எண்ணு நிக்கான். எனக்கு வெக்கமா இருக்கு” என்றார். அப்பா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதத்தில் அப்போதுதான். “நாப்பத்தோரு நாளு தோளக் காட்டும், வேற வழி இல்ல” என்றார். அவர் திரும்பிப் போன பிறகு அப்பா கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவினார், வெகுநேரம் கழுவினார்.

நாற்பத்தோராம் நாள் வந்தது. வராமல் இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் அன்று வந்துவிட்டார்கள். சூசையின் கட்டை அவிழ்த்தாயிற்று, கை நேராகியிருந்தது. அந்தோணி அன்று மீனே கொண்டு வந்தார். எல்லோரும் ஆசான் கம்பை எடுப்பதைப் பார்க்கக் காத்து நின்றோம். அப்பா வழக்கம்போல் தூத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

“ஆசானே, மண்டலம் முடிஞ்சுதுல்லா?” என்று மூத்தவன் கேட்டான்.

“அடிச்சதுக்கு முடிஞ்சு” என்றார் அப்பா. “ஆறு நாளு வாயத் தொறக்காம இருந்தேன். அது கெடக்கு.”

அந்த ஆறு நாளையும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் ஒருத்தி மட்டும்தான் எண்ணினேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாற்பத்தேழாம் நாள் அவர் கம்பை எடுத்தார். வரிசைக்கு எதிரே வந்து நின்றார். எல்லோரும் முதல் சுவடு சொல்வார் என்று நினைத்தார்கள். அவர் நேராக வரிசையின் கடைசிக்கு நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

“கோலப்பங்கிட்டச் சொன்னது நீதானே மக்கா?”

நான் தலையை ஆட்டினேன்.

“சொன்னது தப்புன்னு நான் சொல்லல்ல. எதுக்குச் சொன்ன? கை பிசகா, கோவமா?”

உண்மை வெளியே வரவேண்டும் என்றா நான் சொன்னேன்? அத்தானைத் துரத்தின மனிதருக்கு வலிக்கட்டும் என்றுதானே சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வது கஷ்டம் என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

“கோவம்ப்பா” என்றேன்.

“செரி. கம்ப வை.”

வைத்தேன். வாரியலை என் கையில் கொடுத்தார். அடிபட்டவனுக்கு அடித்தவன்தான் எண்ணெய் தடவ வேண்டும். நான் யாருக்குத் தடவ வேண்டும் என்று தெரியாமல் விழித்தேன். அப்பா தன் வலது கையை என் முன்னால் நீட்டினார்.

“எனக்குத்தான் பட்டுது” என்றார்.

நாற்பத்தோரு நாள் அந்தக் கைக்கு எண்ணெய் தடவினேன். ஒரு காயமும் இல்லாத கை. விரல் மூட்டுகளில் கல் மாதிரித் தழும்பு, மணிக்கட்டில் கயிறு மாதிரி நரம்பு. பத்து நாள் வரை நானும் அவரும் பேசவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். இடையில் ஒருநாள் கோலப்பன் அத்தான் மாசிலாமணியின் மண்டலத்தை முடித்துவிட்டு வந்தான். ஒன்றும் பேசாமல், வாரியலோடு நின்ற எனக்குப் பின்னால் போய் நின்றான். “முன்னால வாலே” என்று அப்பா கூப்பிடும் வரைக்கும் அங்கேயே நின்றான்.

அப்பா போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது; அத்தானும் போய்விட்டான். களரிக் குழியை மண் போட்டு நிரப்பி என் தம்பி மகன் அதன் மேல் வீடு கட்டியிருக்கிறான். சாமி மூலை இருந்த இடத்தில் அவன் கார் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கம்பும் அடியும் தக்கலையில் இப்போதும் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். எங்களை விட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். இல்லாமல் போனது என் முன்னால் வந்து நின்று கேட்கிற ஆள்தான். கோவத்தில் செய்ததும் கை பிசகிச் செய்ததுமாக ஒரு ஆயுசே ஆகிவிட்டது. நானே என்னைக் கேட்டுக்கொண்டால் கை பிசகு என்றுதான் எப்போதும் பதில் வருகிறது.

போன வாரம் மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். கஞ்சியில் உப்பு அதிகம் என்பதில் தொடங்கி, அவளைப் பெற்றவர்கள் வரை போய்விட்டேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வயதாகிவிட்டது, நாக்கு பிசகிவிட்டது என்று ஏழு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் நானே உள்ளி உரித்தேன். முருங்கைப் பட்டை வெட்டித் தரச் சொன்னதற்கு, யாருக்கு என்ன அடி பட்டது என்று பேரன் கேட்டான். எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், ஆறிக்கொண்டிருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்ல வேண்டும். நாற்பத்தோரு நாளோடு ஏழையும் கூட்டினால் நாற்பத்தெட்டு. அத்தனை நாள் இருப்பேனோ என்னமோ, இன்று தொடங்கிவிடுகிறேன்.